தீ மெருகு

ஜூன் 3, செவ்வாய்

ஹால்காரரின் பழைய பின்பால் மெஷின் இன்று வேனில் எங்கள் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்து இறங்கியது. பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய விளையாட்டு ஹாலில் ஓயாமல் ஓடிய மெஷின், காசு போட்டு எஃகுப் பந்தைத் தட்டி ஆடுவது. தம்பியும் நானும் மதியம் முழுக்க உட்கார்ந்து பிரித்தோம். கம்பி, காந்தச் சுருள், விளக்கு எல்லாம் அவன் பக்கம். பிளாஸ்டிக் என் பக்கம்.

இதில் ஆடியிருக்கிறார்கள் என்பதைவிட இதை அடித்திருக்கிறார்கள் என்பதே சரி. பக்கப் பலகையில் உதைத்த குழிகள். மேல் கண்ணாடி ஒருமுறை நொறுங்கி மாற்றப்பட்டிருக்க வேண்டும். மூலைகளில் இன்னும் பழைய துகள்கள். படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தகடுகளில் பாதிக்கு மேல் விரிசல். பந்து மோதி உடைந்தால் விரிசல் திருகாணித் துளையிலிருந்து கிளம்பும். மெஷினையே தூக்கி அடித்தால் விளிம்பிலிருந்து கிளம்பும். இதில் இரண்டும் இருந்தன.

பந்தைத் தட்டித் தள்ளும் பம்பர் ஒன்றின் மூடிக்கு அடியில் மனிதப் பல்லின் துணுக்கு.

"பாத்துக்க அக்கா, இத திருப்பி மாட்டணுமான்னு அவர்கிட்ட கேட்டுக்கலாம்" என்று சிரித்தான் தம்பி. தாளில் மடித்துக் குப்பையில் போட்டேன். பிறகு கையை இரண்டு முறை கழுவினேன். ஏன் இரண்டு முறை? தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

கழுவுவது எனக்குப் பிடித்த வேலை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பல்துலக்கி, பஞ்சு. படம் தகட்டின் அடிப்பக்கம் அச்சாகியிருப்பதால் மேல்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். அடிப்பக்கத்தில் ஈரம் தங்கினால் மை சீவல் சீவலாக உரிந்து வந்துவிடும். கரித்தூளும் ரப்பர்த்தூளும் சேர்ந்த கறுப்பு அழுக்கு மெல்ல விலகி, அடியிலிருந்து ஒரு சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். கல்லூரியில் வேதியியல் நடத்திய வருஷங்களில் எதுவும் இப்படிக் கண்ணெதிரே தெளிந்ததில்லை.

மதியம் ஹால்காரர் வந்தார். கூடவே அவர் ஹாலில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் பெரியவர், கையில் மெஷினின் சாவிக்கொத்து.

"டீச்சரம்மா, அடுத்த வாரம் சனிக்கிழமை மெஷின் ஓடணும். படத்தகடெல்லாம் மெதுவா வரட்டும். ராம்ப்பு மட்டும் பளிச்னு இருக்கணும், கண்ணாடி தோத்துரணும்."

ராம்ப் என்பது பந்து ஏறி வளைந்து இறங்கும் தெளிந்த அக்ரிலிக் பாலம். மெஷினின் அழகே அதுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவியது. ஹால்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தார். கொசு அடிப்பது போல. பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். பெரியவர் குனிந்து சாவியை எடுத்து, "இந்தச் சாவிக்கு கால் முளைச்சிருச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தது.

அவர் சிரித்ததுதான் சகிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

ராம்ப்புக்கு இன்று தீ மெருகு. மங்கிப்போன அக்ரிலிக்கின் மேல் கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை ஒரே சீராக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மேல்தோல் மட்டும் இளகி, கீறலெல்லாம் மூடி, பின்னாலேயே பளபளப்பு வரும். பார்க்க மந்திரம் மாதிரி. உண்மையில் மணிக்கட்டின் வேலை. ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் கொப்புளம்.

பிரமாதமாக வந்தது. தம்பி மனைவி தேநீரோடு வந்தவள் ராம்ப் வழியாக என்னைப் பார்த்து, "அண்ணி, உங்க மூக்கு இங்கேந்து பாத்தா சின்னதா தெரியுது, இதையே கட்டிக்கிட்டு அலையுங்க" என்றாள். இந்த வீட்டில் என்னைக் கேலி செய்யத் துணிகிறவள் அவள் ஒருத்திதான்.

ஒரு கவலை. தீ பட்ட அக்ரிலிக்குக்குள் இழுவிசை தங்கிவிடும். பட்டறை மின்னடுப்பில் வைத்து மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் தணியும். ராம்ப் நீளம், நம் அடுப்புக்குள் நுழையாது. அதனால் கொஞ்ச நாளைக்கு ஸ்பிரிட் மட்டும் பக்கத்தில் வரக் கூடாது. பட்டால் ஒரே இரவில் உள்ளே ஆயிரம் மயிரிழை விரிசல் விட்டுவிடும்.

ஜூன் 14, சனி

மெஷின் போய்விட்டது. தம்பி போய்ப் பூட்டித் திருகி ஓட்டிக் காட்டிவிட்டு வந்தான். ஹால்காரரிடம் நானே போனில் சொன்னேன்: துடைப்பதென்றால் சோப்புத் தண்ணீர் மட்டும், ஸ்பிரிட் தொடவே கூடாது.

"சரிங்க டீச்சரம்மா. பரீட்சையில கேப்பீங்களா?"

ஜூன் 16, திங்கள்

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

காலையில் ஹால்காரர் போன் போட்டு "உன் ராம்ப்பு என்ன லட்சணத்துல இருக்குன்னு வந்து பாரு" என்றாராம். தம்பி போனான். ராம்ப் முழுக்க விரிசல், பனி படிந்த மாதிரி வெள்ளை. இவன் என்னவென்று பார்க்கக் குனிந்திருக்கிறான். மெஷினின் காசுப்பெட்டிக் கதவு திறந்திருந்தது. இவன் வலது கையைப் பிடித்து அதற்குள் வைத்து, அந்த ஆள் — அந்த ஆள் கதவை உதைத்திருக்கிறான். ஒரு தரம் இல்லை. ஆட வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன்கூடவா? ஒருத்தன்கூடவா வாயைத் திறக்கவில்லை?

இரண்டு விரலில் எலும்பு நொறுங்கிவிட்டது. மூன்றாவதில் நகமே இல்லை. மருத்துவமனையில் எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு "கதவு இடிச்சிருச்சு" என்றான் தம்பி. பொய்யும் இல்லை.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "போய்? கதவு மேல கேஸ் கொடுக்கவா? அவன் ஹால்ல பாதி ஸ்டேஷன் சாயங்காலமானா ஆடிட்டு இருக்கும்க்கா."

கம்பிகளைப் பற்றவைக்க சால்டரிங் இரும்பு பிடிக்கிற கை அது.

ராம்ப்பையும் கொண்டு வந்திருக்கிறான். அந்த ஆள் அதை இவன் முகத்தில் விட்டெறிந்தானாம். புருவத்தில் வெட்டு.

ஜூன் 17, செவ்வாய்

முதலில் தம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். மாட்டும் அவசரத்தில் விரல் ரேகையை ஸ்பிரிட் போட்டு ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம். கேட்டேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு அப்புறமும் என்னைய கேக்குறியா?" என்று அழுதான். ஆள் அழுதால் அவன் சொல்வது உண்மையாகிவிடாது. ராம்ப்பை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

திருகாணி அமர்ந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தெளிவு. பிடிப்புத் தகட்டின் அடியிலும் தெளிவு. மற்ற இடமெல்லாம் விரிசல். அப்படியென்றால் மாட்டிய பிறகுதான் துடைத்திருக்கிறார்கள். மாட்டுவதற்கு முன் என்றால் திருகாணி எங்கே உட்காரும் என்று துணிக்கு எப்படித் தெரியும்? விரிசல் வரிகள் வில்லாக வளைந்து போகின்றன. மெஷின் முன்னால் நின்று இடது கையால் துடைத்தால் எப்படி வளையுமோ அப்படி. வெறும் கையில் துணியோடு நானே நின்று செய்து பார்த்தேன்.

தம்பி வலது கைக்காரன்.

ஜூன் 19, வியாழன்

சில்லறைப் பெரியவரை மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அவருதாம்மா தொடச்சாரு. சனிக்கிழமை கூட்டம் போனதும் பாட்டில எடுத்து வச்சிக்கிட்டு, பொண்ணுக்கு தலை பின்னி விடுற மாதிரி அப்படி ஒரு பொறுமையா தொடச்சாரு. டீச்சரம்மா வேண்டாம்னாங்களேன்னு நான் வாயத் தொறந்தேன். அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு வாங்கினேன்." மறு கன்னத்தைக் காட்டினார். "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. எனக்கு மூணாவது கன்னம் கிடையாது."

தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று இன்று கொல்லைக் கதவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பின்பால் பந்துகள் இருக்கிறதே, எஃகு உருண்டைகள், அவற்றை ஒரு காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். இடது கையால் சுழற்றிக் கதவில் அடித்துப் பழகுகிறான். மரம் பிளந்து வெள்ளை தெரிகிறது. ஒவ்வொரு அடிக்கும் வீடு அதிர்கிறது. தம்பி மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இவர் அங்க போனா ஒண்ணு தூக்கிட்டு வருவாங்க, இல்ல போலீசு கூட்டிட்டுப் போயிரும். நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பாரு."

நான் சொன்னாலும் கேட்க மாட்டான். ஆனால் ஹால்காரர் ஒரு வார்த்தை, "தப்பு என்னோடதுதான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால்? தம்பியின் வெறி பாதி விரலுக்கு. பாதி, வேலையைக் கெடுத்தவன் என்று நாலு பேர் முன்னால் பேர் வாங்கியதற்கு. இரண்டாவது பாதியையாவது திருப்பி வாங்கலாம்.

ஒப்புக்கொள்ள வைக்க முடியும் என்று நான் நம்புகிறேனா? கண்ணால் பார்த்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள் என்றுதான் அத்தனை வருஷம் பாடம் நடத்தினேன்.

ஜூன் 21, சனி

ராம்ப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பகல் நேரம், பத்துப் பதினைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹால்காரர் கல்லாவில் இருந்தார். குரலை உயர்த்தவில்லை. திருகாணி வட்டங்களைக் காட்டினேன். வளைவைக் காட்டினேன். மாட்டிய பிறகு, இடது கையால், ஸ்பிரிட்டில் துடைத்தது என்றேன். அவர் அப்போது இடது கையில்தான் தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தார். அதைப் பார்த்து யாரோ ஒருவன் பின்னாலிருந்து சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான்.

"நான் தொடச்சா ஒடையும்னா அது பொருளா, பப்படமா?" என்று எழுந்து வந்தார். ராம்ப்பைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தார். சில்லு சில்லாகப் போனது. பிறகு என் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பக்கத்து மெஷினின் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். அடிக்கவில்லை. அழுத்தினார், அவ்வளவுதான். உள்ளே விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. பந்து ஒன்று என் கண்ணுக்கு நேர் கீழே ஓடியது. அதில் ஆடிக்கொண்டிருந்தவன் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.

"இப்ப நல்லா பாருங்க டீச்சரம்மா. என்ன தெரியுது?"

உதட்டில் பல் ஏறிவிட்டது. ரத்தம் கண்ணாடியில் வழிந்தது. விட்டதும் என் கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். பழக்கம்.

ஜூன் 22, ஞாயிறு

படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். தம்பி என் கழுத்தின் பின்புறம் இருந்த விரல் தடங்களைப் பார்த்தான். கொல்லைக் கதவில் சத்தம் நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

ஹாலில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். "ஸ்பிரிட்டு". அவர் முதுகு திரும்பினால் ஒருத்தன் "டேய், ஸ்பிரிட்டு வருது, எதையும் தொட விடாதீங்கடா" என்கிறானாம். சில்லறைப் பெரியவர் தெருவில் என்னைத் தாண்டிப் போகும்போது நிற்காமல் சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு பேர அடிச்சிட்டாரு. அடிக்க அடிக்க பேரு ஒட்டிக்குது."

இது நல்லதற்கில்லை.

தம்பி நாளை போகிறான். எப்படித் தெரியும் என்றால் இன்று முகம் மழித்துக்கொண்டான். ஒற்றைக் கையால், மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டு. அவனை வீட்டில் பூட்டி வைக்கலாமா? நாற்பத்து நாலு வயது ஆளை?

ஜூன் 25, புதன்

தம்பி போகவில்லை. அதற்குள் அவரே வந்துவிட்டார்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பட்டறையில் இன்னொரு வாடிக்கையாளரின் ராம்ப்புக்குத் தீ மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். பாதி முடிந்திருந்தது. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். சட்டைப்பைக்குள் அந்தக் காலுறையின் கனம் தெரிந்தது. கதவை எட்டி உதைத்துக்கொண்டு ஹால்காரர் உள்ளே வந்தார். தனியாக.

"படத்தகட எல்லாம் எடு. அப்புறம் ரெண்டு பேரும் கெளம்புங்க. ஹாலுக்கு வந்து எல்லார் முன்னாடியும் தப்பு எங்களோடதுன்னு சொல்லணும். டீச்சரம்மா மைக்குல சொல்லுவாங்க, கிளாஸ் எடுத்துப் பழக்கம் இருக்கு."

தம்பி காலுறையை உருவிச் சுழற்றினான். இடது கை. குறி தப்பிக் கழுவும் தொட்டியில் விழுந்தது. தொட்டி உடைந்து சோப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. முடிச்சு அவிழ்ந்து உருண்டைகள் சிதறின. அடுத்த நொடி ஹால்காரர் அவனுடைய கட்டுப்போட்ட கையைத் தன் இடது கைக்குள் பிடித்துவிட்டார். பிழிந்தார். துணி பிழிகிற மாதிரி. தம்பி மண்டியிட்டு விழுந்தான். கட்டு சிவப்பாகிக்கொண்டே வந்தது. கத்தினான். சின்ன வயதில்கூட அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"சொல்லுடா. தப்பு யாரோடது?"

"என்னோடது." தம்பி சொல்லிவிட்டான். "என்னோடதுதான், விடுங்க, என்னோடதுதான்."

அவர் விடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுச்சா டீச்சரம்மா? நோட் பண்ணிக்கோங்க."

டார்ச் என் கையில் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய புறங்கையில் வைத்தேன்.

சுடரை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினேன்.

தம்பியின் கையை உடனே விட்டுவிட்டார். நான் சுடரை எடுக்கவில்லை. அவர் கையை இழுத்தார். என் மறு கையால் அவர் முழங்கையை மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? வாட்ச் பட்டை உருகித் தோலோடு ஒட்டியது. முதலில் அவரிடமிருந்து சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு வந்தது. தம்பி, "அக்கா போதும், அக்கா போதும்" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தான். எனக்குக் கேட்டது. எப்போது போதும் என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்ததும் அவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கெட்ட வார்த்தை எதிர்பார்த்தேன். கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

தம்பி மூலையில் வாந்தி எடுத்தான். அவன் மனைவி படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

சுடர் அணையவில்லை. ராம்ப் பாதியில் இருந்தது. பாதியில் விட்டால் நடுவில் கோடு விழும். முடித்தேன்.

ஜூன் 26, வியாழன்

கோபமா அது? கோபமென்றால் கை நடுங்கும். நேற்று போட்ட மெருகில் ஒரு அலைகூட இல்லை.

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். வழக்கு எதுவும் இல்லை, சும்மா கேட்டுப் போக வந்தேன் என்றார். ஹால்காரர் மருத்துவமனையில், கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். "எண்ணெய் இவ்ளோ நேரா கொட்டுமாம்மா?" என்று கேட்டார் கான்ஸ்டபிள். பார்க்காத விஷயத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்றேன். ஒரு பெண் செய்தாள் என்று ஹால்காரரால் சொல்ல முடியாது. அந்த ஹாலில் சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

பிற்பகல் சில்லறைப் பெரியவர் படத்தகடுகளை வாங்க வந்தார். எல்லாம் முடித்து, இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து அடுப்பில் சூடாக்கிக் கோணல் நீக்கி, பஞ்சு சுற்றி வைத்திருந்தேன். வேலை வேலைதான்.

"அவரு இப்ப யாரையும் அடிக்கிறதில்லம்மா" என்றார். எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "வலது கையில பழகுற வரைக்கும்தான்" என்றார்.

ஜூலை 12, சனி

தம்பியின் கட்டைப் பிரித்தார்கள். இரண்டு விரல் மடங்காது. "மூணு இருக்கு, காபி குடிக்க இது போதும்" என்றான் தம்பி. மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்ததும் அவன் நிறுத்திக்கொண்டான்.

சால்டரிங்கை நான் கற்றுக்கொள்கிறேன். கழுவும் வேலை இனி அவனுடையது. மெதுவாகச் செய்கிறான். நன்றாகவே செய்கிறான்.

ஆகஸ்ட் 2, சனி

ஒரு வாடிக்கையாளர் தாமதத்துக்காகப் போனில் கத்தினார். முன்பென்றால் தம்பி இரண்டு மடங்கு கத்தியிருப்பான். இன்று, "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேங்க" என்று மெதுவாகச் சொல்லி வைத்தான். என் பக்கம் திரும்பி, "அக்கா, புதன்கிழமை தரலாம்னு சொல்லட்டுமா? உனக்குச் சரின்னா" என்றான். சரி என்றேன். சரி என்றதும் அவன் தோள் இறங்கியது.

எங்காவது போய் யாரையாவது அடிப்பான் என்ற பயம் இந்த வீட்டில் இப்போது யாருக்கும் இல்லை. நான் வேண்டியது அதுதான்.

மாலை தேநீர் வந்தது. என் மூக்கைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ தம்பி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை என் கையில் தராமல் மேசையின் அந்த ஓரத்தில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"உட்காரேன்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணி, அடுப்புல வேலை இருக்கு" என்றாள். கதவு வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டாமலே நடந்து போனாள்.